இரண்டாவது ஓட்டை

எத்தனை இஞ்ச் வேணுங்க என்று கேட்கிறார். இதோடு மூன்றாவது தடவை. ஆறா, எட்டா, ஒன்பதா, பன்னிரண்டா. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் இந்தக் கடைக்காரர் மேல் தப்பே இல்லை, ஃபேன் வாங்க வந்தவனிடம் இஞ்சைத்தான் கேட்பார்கள், ராசி நட்சத்திரமா கேட்பார்கள். பதில்தான் என்னிடம் இல்லை. கணபதியில் வீட்டு வாசலில் வண்டியை எடுத்தபோது இருந்தது. டவுன்ஹால் வந்து, வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் நாலு சுற்று சுற்றி, இந்தக் கடைப் படி ஏறுகிற வரைக்கும் எல்லாம் மனப்பாடமாக இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் என் மனைவி கோகிலா சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது. அது வந்துங்க. அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் நான் சொல்ல விட்டால்தானே. சாவியை எடுத்தேன், செருப்பை மாட்டினேன், கேட்டை அறைந்து சாத்தினேன். அது வந்துங்க என்றால் என்ன வந்தது, எது வந்தது. "லேசர் கட்டிங் மெஷினுக்குங்க" என்கிறேன். "மெஷினச் சுத்திப் பொட்டி மாதிரி அடைச்சு வெச்சிருக்கறேன். உள்ள வர்ற பொகைய இழுத்து வெளிய தள்ளணும்." அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "சமையக்கட்டுக்கு இல்லைங்களா?" இல்லைங்க. "பாத்ரூமுக்கும் இல்லை?" இல்லைங்க. ஐயா, பிளாஸ்டிக் அட்டையைச் சூட்டில் வெட்டுகிற மெஷின், வெட்டினால் புகை வரும், அந்தப் புகையை மனிதர் யாரும் மூச்சில் இழுக்கக் கூடாது, அதற்கு ஒரு ஃபேன் வேண்டும், அவ்வளவுதான். இதை நான் இப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஏற்கெனவே ஒன்னு இருக்குதுங்க, பத்தல" என்று மட்டும் சொன்னேன். பத்தல என்பதும் பொய். அது பத்தியதா பத்தவில்லையா என்று யாருக்குத் தெரியும். புகை வெளியே போகிற குழாயே கழன்று கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனேன், வெட்டிய எழுத்து ஒன்று பீரோவுக்குப் பின்னால் உருண்டிருந்தது, செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தால் நெளிகுழாய் ஜன்னல் ஓட்டையைவிட்டு விழுந்து வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பீரோவுக்குப் பின்சுவர் முழுக்க டீத்தூள் நிறத்தில் புகைக் கறை. ஜன்னல் ஓட்டையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு நாளில் வலை கட்டலாம், ஆனால் அதில் இவ்வளவு தூசி ஒரு நாளில் சேருமா. எத்தனை வாரமோ. அத்தனை வாரமும் அந்த ஃபேன் பெட்டிக்குள் இருந்த புகையை உறிஞ்சி எடுத்து, என் வீட்டுக்குள்ளேயே பத்திரமாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"இது பாருங்க, எட்டு இஞ்ச், ஃபுல் மெட்டல்" என்று ஒன்றை மேசை மேல் வைத்து, ஒயரைப் பிளக்கில் சொருகி, தினத்தாளில் அரைப் பக்கத்தைக் கிழித்துப் பின்பக்கம் காட்டுகிறார். தாள் பட்டென்று கம்பியில் ஒட்டிக்கொள்கிறது. "பாத்தீங்களா இழுவைய." பார்த்தேன். பழைய ஃபேன் வாங்கும்போதும் வேறொரு கடையில் இதே வித்தையைத்தான் காட்டினார்கள், அங்கேயும் தாள் இப்படித்தான் ஒட்டியது, அங்கேயும் நான் இப்படித்தான் தலையாட்டினேன். நிமிடத்துக்கு எத்தனை கனஅடி காற்று தள்ளும், குழாய் எத்தனை அடி, எத்தனை வளைவு, ஒரு வளைவுக்கு எவ்வளவு இழுவை குறையும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தவன் நான். அமெரிக்காவில் ஒருத்தன் கார் நிறுத்தும் கொட்டகையில் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கிறான், நோட்டுப் போட்டு எழுதினேன். அவன் கொட்டகையில் கதவைத் திறந்தால் நாலு ஏக்கர் புல்வெளி. நான் கதவைத் திறந்தால் மாடிப்படி, மாடிப்படிக்கு மேல் ஹவுஸ் ஓனர் ராஜலட்சுமியம்மா. கணக்கெல்லாம் போட்டுத்தான் மாட்டினேன், மாட்டிவிட்டுக் கோகிலாவைக் கூப்பிட்டு, வாடை வருதா என்றேன். அவள் மூக்கைத் தூக்கி நாலு மூலையிலும் நின்று பார்த்துவிட்டு, கொஞ்சூண்டு வருதுங்க, மூடியத் தொறக்கறப்ப மட்டும் என்றாள். அதுதான் எங்கள் வீட்டில் முறை. எனக்குக் கொரோனாவில் போன மூக்கு திரும்பவே இல்லை. அவளுக்கும்தான் போனது, பத்தாம் நாள் திரும்பிவிட்டது. அன்றைக்கு ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள், நான் கை நசுங்கிவிட்டதென்று ஓடினால், பூண்டு வாசம் வருதுங்க என்று சிரித்துக்கொண்டே அழுகிறாள். அதிலிருந்து வீட்டுக்கு ஒரே மூக்கு, அது அவள் முகத்தில் இருந்தது. பால் கெட்டதா, அவளைக் கேள். சட்டை இன்னொரு நாள் தாங்குமா, அவளைக் கேள். கேஸ் கசிகிறதா, கோகி இங்க வா. மெஷின் வந்த பிறகு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது, நாளைக்கு நாலு தடவை கேட்பேன், வாடை வருதா, வாடை வருதா. ஆரம்பத்தில் வருது என்றாள். அப்புறம் லேசா என்றாள். அப்புறம் இல்லை என்றாள். இல்லை, இல்லை, இல்லைங்க. நான் என்னமோ என் கணக்குதான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் அவ்வளவு ஆத்திரம். குழாய் கழன்று வீட்டுக்குள்ளேயே புகை வந்திருக்கிறது, இவள் இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எதற்குப் பொய் சொல்ல வேண்டும். ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சீர்த்தட்டு வேலை. அன்னூர்க்காரர் வீட்டுக் கல்யாணம், நூற்றொரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தங்கக் கலர் அக்ரிலிக்கில் பெயர், பெரிய மாமன் சீர், சின்ன மாமன் சீர், ஒன்றுவிட்ட மாமன் சீர், யார் யாருக்கு எந்த அளவு எழுத்து என்று அவர்களே அளந்து கொடுத்திருக்கிறார்கள், பெரிய மாமன் எழுத்து சின்ன மாமன் எழுத்தைவிட அரை இஞ்ச் பெரிதாக இல்லாவிட்டால் மணமேடையில் வெட்டுக்குத்து ஆகிவிடும். நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். புகை வருகிறது என்றால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன் என்று பயந்து மூடி மறைத்திருக்கிறாள், அப்படித்தான் தோன்றியது, தோன்றியதும் கத்திவிட்டேன். என்ன கத்தினேன். அதை நினைக்க வேண்டாம். ஒன்பது இஞ்சைக் காட்டுகிறார், வெள்ளைப் பிளாஸ்டிக், பின்னால் தானாக மூடிக்கொள்ளும் மடல்கள். "சத்தம் கம்மிங்க இது." சத்தம் கம்மி என்றால் ராஜலட்சுமியம்மாவுக்குப் பிடிக்கும். நாற்றம் கம்மியாக இருந்தாலும் பிடிக்கும். ஆறு மாதம் முன்னால் ஒருநாள் படியில் நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தி, "தம்பி, திருமூர்த்தி, பிளாஸ்டிக் எரியற நாத்தம் மாடி வரைக்கும் வருது, எங்கூட்டு மாமாவுக்கு ஏற்கெனவே இளைப்பு, பாத்துக்கப்பா" என்றார். அவ்வளவுதான், நல்ல மனுஷி, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நான் பின்னறை ஜன்னல் இரண்டையும் இழுத்துச் சாத்தி, சந்து பொந்தெல்லாம் பிரவுன் டேப் ஒட்டினேன். மறுநாள் மெஷினுக்குப் பெட்டி அடித்தேன், பிளைவுட்டில், முன்னால் மேலே தூக்குகிற மூடி, பின்னால் ஃபேனுக்கும் குழாய்க்கும் ஒரே ஒரு ஓட்டை. பெட்டிக்கும் டேப். மூடி உட்காரும் விளிம்பெல்லாம் ஸ்பாஞ்சுப் பட்டை. ஒயர் நுழைகிற ஓட்டையில்கூட எம்சீல் வைத்து அடைத்தேன். எறும்பு நுழைய முடியாது. அடைத்து முடித்துவிட்டு எனக்கே நான் கைகொடுத்துக்கொள்ளாத குறை. மாடியில் இருக்கிற மாமாவுக்கு நாற்றம் போகக் கூடாது என்று அவ்வளவு கவலைப்பட்டவன், உள்ளே உட்கார்ந்து மூடியைத் தூக்கித் தூக்கித் துண்டு பொறுக்குகிறவள் யார் என்று ஒரு தடவை யோசித்தேனா. நான் முன்னறையில் ஃபேனுக்குக் கீழே கம்ப்யூட்டரில் எழுத்து வரைகிறேன். பின்னறையில் இருப்பது அவள். ஊரான் மூக்குக்குக் காவல் போட்டுவிட்டு... இல்லை, இதை இப்போது யோசிக்க வேண்டாம், ஃபேன் வாங்க வந்தோம், ஃபேனைப் பார்ப்போம்.

"குழாய் போட்டு இழுக்கறதுன்னா இதெல்லாம் சரியா வராதுங்க" என்கிறார் கடைக்காரர், இவ்வளவு நேரம் இவற்றையே காட்டிக்கொண்டிருந்தவர். "செவுத்துல ஓட்டை போட்டு நேரா மாட்டறதுக்குத்தான் இது. குழாய்க்குள்ள முக்கித் தள்ளணும்னா ப்ளோயர் வேணும்." உள்ளே போய் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எனக்குக் கோபம் வருகிறது. இதை முதலிலேயே சொல்லக் கூடாதா. அந்த இன்னொரு கடைக்காரனும் சொல்லியிருக்கக் கூடாதா. அந்த அமெரிக்காக்காரன் சொன்னான், சொன்னதை நான் நோட்டில் எழுதினேன், எழுதிவிட்டுக் கைக்கு எது சுலபமாகக் கிடைத்ததோ அதை வாங்கி மாட்டினேன். கோபம் யார் மேல் என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறேன். "இதக் கொண்டுபோய்ப் பொட்டிகிட்ட வெக்காதீங்க, குழாயோட அந்தக் கடைசில, ஜன்னல்கிட்ட வைங்க. அப்பத்தான் நடுவுல குழாய் கழண்டாலும் பொகை ஊட்டுக்குள்ள அடிக்காது" என்கிறார். இந்த மனிதருக்கு என் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியும். தலையாட்டுகிறேன். "சரி, பொட்டிக்குள்ள காத்து வர்றதுக்கு வழி எங்க உட்டிருக்கீங்க?" என்கிறார். உள்ளே காற்று வருவதற்கா. பொகை வெளிய போறதுக்குத்தானுங்க ஃபேன். "அட, உள்ள வந்தாத்தானுங்க வெளிய போகும். எண்ணெ டின்னு ஒடைக்கறப்ப எத்தன ஓட்டை போடுவீங்க?" ரெண்டு. "எதுக்கு ரெண்டு?" எதுக்கு ரெண்டு. ஒன்றில் எண்ணெய் வரும், இன்னொன்றில் காற்று உள்ளே போகும், இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், கோகிலாவுக்குத் தெரியும், மாதாமாதம் கத்தி முனையால் இரண்டு மூலையிலும் குத்துகிறவள் அவள்தான். நான் ஒரு ஓட்டை போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்தேன். எம்சீல் வைத்து அடைத்தேன். குழாய் கழலாமல் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது, ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டு இருந்திருக்கும், முக்கால்வாசிப் புகை பெட்டிக்குள்ளேயே காத்திருந்து அவள் மூடியைத் தூக்கும்போதெல்லாம் மொத்தமாக முகத்தில் அடித்திருக்கும். அடித்திருக்கிறது. ஆறு மாதமாக அடித்திருக்கிறது. "வழி விடலீங்க" என்றேன். அவர் உச்சுக்கொட்டக்கூட இல்லை. "இப்ப வாடை வருதுங்களா ஊட்டுக்குள்ள?" என்று மட்டும் கேட்டார். ஊட்டுக்காரம்மா இல்லைங்கறாங்க என்றேன். அவர் ப்ளோயரைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அதெப்படிங்க வராம இருக்கும்?"

அதெப்படி வராமல் இருக்கும். நானும் அதைத்தானே கத்தினேன். குழாய் கழன்று கிடக்குது, உனக்கு வாடை வரலையா, அப்பறம் மூக்குன்னு ஒன்ன எதுக்கு மூஞ்சில வெச்சிருக்கற என்று கேட்டேன். இதுதான் நான் கேட்டது. நினைக்க வேண்டாம் என்று இவ்வளவு நேரம் ஒதுக்கி ஒதுக்கி வைத்தது. அவள் கையில் எழுத்து ஒன்று, அதன் மேல் ஒட்டிவரும் காப்புக் காகிதம் பாதி உரிந்திருந்தது, அதை உரித்துக்கொண்டே, எனக்கு ஒன்னும் தெரியலீங்க என்றாள், அப்புறம் நிமிர்ந்து, அது வந்துங்க என்றாள். அது வந்துங்க. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் முகமா அது. இல்லை. கோகிலாவுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், கல்யாணமான புதிதிலிருந்து எனக்குத் தெரியும், காது சிவக்கவில்லை. அப்படியானால் செவ்வாய்க்கிழமை பருப்பு அடிப்பிடித்ததே, அவள் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், மேலே இருந்து ராஜலட்சுமியம்மா, கோகிலா, எதோ தீயுது பாரு என்று சத்தம் போட்ட பிறகுதான் எழுந்து ஓடினாள். நான் அதற்கும் திட்டினேன், செல்போனில் மூழ்கினால் இப்படித்தான் என்று. அவள் கையில் செல்போன் இல்லை. அதற்கு முன் வாரம் தேங்காய்ச் சட்னி. ஒரு வாய் வைத்துவிட்டுப் புளிக்குதே என்றேன், மோந்து பார்க்காமல் போட மாட்டாளே என்று நினைத்தேன், நினைத்துவிட்டு விட்டுவிட்டேன். சனிக்கிழமை வாங்கிக் கொடுத்த முல்லையை வைத்துக்கொள்ளும்போது முன்னெல்லாம் கையில் வைத்து ஒருதரம் மூச்சை இழுப்பாள், இந்தச் சனிக்கிழமை இழுத்தாளா, ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லையே. ஒருத்தியோடு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் இதுகூடவா பார்த்திருக்க மாட்டேன். அப்புறம் நாலு மணி. நாலு மணிக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று கொஞ்ச நாளாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது, என்னவென்றுதான் பிடிபடவில்லை. பேக்கரி. எங்கள் வீட்டுக்கு ஒட்டின சந்தில் பேக்கரியின் பின்கட்டு, தினமும் நாலு மணிக்கு அடுப்பைத் திறந்து தட்டுத் தட்டாக எடுத்து இரும்பு ஸ்டாண்டில் சொருகுவார்கள். அவள் எந்த வேலையில் இருந்தாலும் தலையை நிமிர்த்தி, பப்ஸ் எடுத்துட்டாங்க என்பாள். எனக்குச் சொல்வாள், வாசம் வராதவனுக்கு. நான் போய் இரண்டு வாங்கி வருவேன். அது நின்று எத்தனை நாள். ஜன்னலை அடைத்ததிலிருந்து நின்றது என்று வைத்துக்கொண்டேன். இல்லை, ஜன்னலை அடைத்த பிறகும் வாசல் வழியாக வருகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கார்த்திகை தீபத்தன்று சொன்னாள், சட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. இப்போது தை பிறந்து ஒரு வாரம்.

போனை எடுக்கிறேன். கடைக்காரர் ப்ளோயருக்கு ஒயர் பூட்டிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டிவிட்டுப் படியில் இறங்கி நிற்கிறேன். நாலாவது ரிங்கில் எடுத்தாள். சொல்லுங்க என்றாள், கோபம் இல்லாத குரல், கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் உர்ர் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். "மெஷின் ஓடுதா?" "ஆமாங்க. பைப்ப டேப் போட்டு ஒட்டிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள சின்ன மாமன் தட்டையாவது முடிச்சரலாம்னு." "கோகி, மெஷின நிறுத்து." "இன்னும் ஏழெட்டு எழுத்துதானுங்க." "நிறுத்துன்னா நிறுத்து." கத்திவிட்டேன், மறுபடியும் கத்திவிட்டேன், தெருவில் போகிற ஒருத்தர் திரும்பிப் பார்க்கிறார். உர்ர் சத்தம் இறங்கி நின்றது. "ஜன்னலத் தொற." "எந்த ஜன்னலு?" "பின்னறை ஜன்னலு. ரெண்டையும்." "டேப் ஒட்டியிருக்குதுங்க. மேல அம்மாவுக்கு..." "அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன், நீ டேப்பக் கிழி." போனை எங்கோ வைக்கிறாள். டேப் கிழிகிற சத்தம் கேட்கிறது, நீளமாக, நான் ஒட்டியது அத்தனையும், ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம், கொக்கி இறுகியிருக்கிறது போல, எதையோ வைத்துத் தட்டுகிறாள், ஜன்னல் படாரென்று திறக்கிறது. காக்காய் கத்துவது கேட்கிறது. சந்தில் எவனோ ஹாரன் அடிக்கிறான். அவள் இருமுகிறாள், கொஞ்ச நேரம் இருமுகிறாள். நான் எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன். பிறகு போனைத் திரும்ப எடுத்து, தொறந்துட்டேங்க என்கிறாள், அவ்வளவு பக்கத்தில் அவள் மூச்சு கேட்கிறது. எதிர்த்த கடைச் சுவரில் மணி பார்க்கிறேன், நாலு ஆக ஒரு நிமிடம், அதுவும் எந்த அளவுக்குச் சரியோ. அப்போது அவள் பக்கத்திலிருந்து தடால் தடால் என்று இரும்புத் தட்டு ஸ்டாண்டில் விழுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, எனக்கே இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கிறேன். சொல்லிவிடு கோகி, நீயாகச் சொல்லிவிடு, நான் நினைத்ததெல்லாம் என் கிறுக்குப் புத்தி என்று ஆகிவிடட்டும், எத்தனை பப்ஸ் வேண்டுமானாலும் வாங்கி வருகிறேன். கடைசியில் நானே, "பப்ஸ் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். "எடுத்துட்டாங்க போலிருக்குதுங்க" என்றாள். எனக்கு அப்படியே உடம்பு லேசானது, படியில் உட்கார்ந்துவிட்டேன். வாசம் வருதா என்றேன். "தட்டு வெக்கற சத்தம் கேட்டுச்சுங்களே." நான் சத்தத்தைக் கேட்கவில்லை கோகி, வாசத்தைக் கேட்டேன் என்று சொல்ல வந்தேன், அழுகை வந்துவிட்டது, நட்டநடு டவுன்ஹாலில், ஃபேன் கடைப் படியில். உள்ளே கடைக்காரர் ப்ளோயரை ஓட விட்டிருக்கிறார், அந்தக் காற்றில் மேசை மேலிருந்த அரைப் பக்கத் தாள் பறந்து வந்து என் காலடியில் விழுகிறது. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன், இல்லை, இருக்கிறாள்.

"அது வந்துங்க" என்றாள்.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.